மீன் டேங்க் தண்ணி கலங்குதா, பாசி பிடிக்குதா: எந்த அறிகுறிக்கு எதை முதல்ல பாக்கணும்

சென்னைல சொந்தக்காரங்க வீடு, ஃபிரண்ட்ஸ் வீடுன்னு வருஷக்கணக்கா ஒரே கம்ப்ளைன்ட்டுக்குத்தான் போய்க்கிட்டு இருக்கேன், "தண்ணி கலங்கலாவே இருக்கு, என்ன மருந்து ஊத்தலாம்?" முக்கால்வாசி வீட்டுல மருந்துக்கு வேலையே இல்ல, லைட் எரியுற நேரத்தையும் தீனி போடுற அளவையும் மாத்துனதுலயே சரியாயிருச்சு. ஆனா எது என்ன கலங்கல்னு முதல்ல தெரிஞ்சுக்கணும், வெள்ளைக் கலங்கலுக்குப் பண்ற வேலையைப் பச்சைத் தண்ணிக்குப் பண்ணா ஒரு பிரயோஜனமும் இருக்காது, சில சமயம் மீனே போயிரும்.

முதல்ல ஒரு டம்ளர் தண்ணி எடுங்க

கண்ணாடி டம்ளர்ல டேங்க் தண்ணிய மொண்டு, பின்னாடி ஒரு வெள்ளைப் பேப்பர வச்சுப் பாருங்க. அப்படியே ஒரு மணி நேரம் ஆடாம விட்டுட்டு மறுபடி பாருங்க.

அடியில தூசி படிஞ்சு மேல தெளிஞ்சா அது வெறும் அழுக்கு, மண். படியாம புகை மாதிரி வெள்ளையா நின்னா பாக்டீரியா. லேசாப் பச்சை தெரிஞ்சா தண்ணியில மிதக்குற பாசி. தெளிவா இருந்து டீத்தண்ணி கலர் அடிச்சா மரக்கட்டைச் சாயம். டம்ளர்ல பளிச்சுன்னு இருந்து டேங்க்ல மட்டும் மங்கலாத் தெரியுதுன்னா தண்ணியில கோளாறே இல்ல, கண்ணாடிலதான் படிஞ்சிருக்கு.

கூடவே டேங்க் எத்தனை லிட்டர்னும் கணக்குப் போட்டு வச்சுக்கோங்க, நீளம், அகலம், உயரம் மூணையும் சென்டிமீட்டர்ல பெருக்கி 1000-ஆல வகுத்தாப் போதும். 60, 30, 30 சைஸ்ல இருக்குற ரெண்டடி டேங்க் 54 லிட்டர், கல்லு போக, மேல விடுற இடம் போக, 45 லிட்டர்னு வைங்க. எந்த மருந்தா இருந்தாலும் இந்தக் கணக்கு தெரியாம மூடி மூடியா ஊத்தாதீங்க.

## தண்ணி பால் மாதிரி வெள்ளையா இருக்கு

மீன் மேல வந்து வாயைப் பிளக்குதா?

ஆமான்னா மத்த எதையும் யோசிக்காதீங்க. ஏர் பம்ப்பை ஃபுல்லா வைங்க, குளோரின் எடுத்த தண்ணியா பாதி டேங்க் மாத்துங்க, தீனிய நிறுத்துங்க. அப்புறமா கல்லு இடுக்கு, பொம்மைக்குப் பின்னாடி, ஃபில்டர் பாக்ஸ் உள்ளன்னு செத்த மீன் கிடக்கான்னு தேடுங்க. அம்மோனியா (மீன் கழிவு, அழுகுன தீனிலேர்ந்து வர்ற விஷம்) டெஸ்ட் கிட் இருந்தா அடிச்சுப் பாருங்க, பூஜ்யம்தான் வரணும். நம்ம ஊர் போர் தண்ணியில பிஹெச் பெரும்பாலும் 7.5-க்கு மேல, வெயில் காலத்துல டேங்க் சூடும் 30 டிகிரியத் தாண்டிரும், ரெண்டும் சேர்ந்தா கொஞ்சூண்டு அம்மோனியாவே மீனுக்கு விஷமாயிரும்.

மீன் நல்லாத்தான் இருக்கு, டேங்க் புதுசு

டேங்க் வச்சு ஒரு மாசம்கூட ஆகலன்னா இது வர்றதுதான். அந்த அம்மோனியாவைத் தின்னுற நல்ல பாக்டீரியா ஃபில்டர்ல செட் ஆக நாலுலேர்ந்து ஆறு வாரம் ஆகும், அதுவரைக்கும் இந்த வெள்ளை வரும் போகும். தீனிய பாதியாக் குறைங்க, ரெண்டு மூணு நாளைக்கு ஒருக்கா கால்வாசித் தண்ணி மாத்துங்க, புது மீன் வாங்கி விடாதீங்க. மொத்தத் தண்ணியும் கொட்டி டேங்க்கைத் தேச்சுக் கழுவினா மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். இதை எத்தனை தடவை சொன்னாலும் மனசு கேக்காம கழுவிடுறாங்க, அதனாலயே மூணு மாசம் ஆனாலும் வெள்ளை போகாத டேங்க்கெல்லாம் பாத்திருக்கேன்.

பழைய டேங்க், திடீர்னு வெள்ளை ஆயிருச்சு

இதுக்கு நான் வரிசையாக் கேக்குற கேள்வி மூணு. ரெண்டு நாளைக்குள்ள தீனி அதிகம் விழுந்துதா? ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடில கழுவுனீங்களா? ராத்திரி ரொம்ப நேரம் கரண்ட் போச்சா?

ஸ்பாஞ்ச் விஷயத்தைக் கொஞ்சம் விவரமாச் சொல்றேன். என் மாமா பையன் வீட்டுல ஒன்றரை வருஷம் கண்ணாடி மாதிரி ஓடுன டேங்க், ஒரு ஞாயித்துக்கிழமை ஸ்பாஞ்சை எடுத்துக் குழாய்க்கு அடில வச்சு வெள்ளை வெளேர்னு ஆகுற வரைக்கும் பிழிஞ்சிருக்கான், செவ்வாய்க்கிழமை காலைல கப்பி மீன் எல்லாம் ஃபில்டர் தண்ணி விழுற மூலைல போய் ஒண்ணா நின்னு மேல பாத்து வாயைத் தொறந்து மூடிக்கிட்டு இருக்கு, தண்ணி மோர் மாதிரி ஆயிருச்சு. அந்தப் பிரவுன் வழவழப்புலதான் நல்ல பாக்டீரியாவே குடியிருக்கு, குழாய்த் தண்ணி குளோரின் அதைக் கொன்னுரும். தண்ணி மாத்தும்போது வெளிய எடுத்த பழைய டேங்க் தண்ணிய ஒரு பக்கெட்ல வச்சு அதுல நாலு தடவை அமுக்கிப் பிழிஞ்சாப் போதும், ஸ்பாஞ்ச் அழுக்கு கலராவே இருக்கட்டும்.

அவன் வீட்டுல ஒரு வாரம் தினமும் மூணுல ஒரு பங்கு தண்ணி மாத்தி, என் டேங்க்ல ஓடிக்கிட்டு இருந்த ஒரு ஸ்பாஞ்சைக் கொண்டுபோய் அவன் ஃபில்டர்ல போட்டோம், எட்டாவது நாள் தெளிஞ்சுது. நோய் இல்லாத டேங்க் வச்சிருக்குற ஆள் தெரிஞ்சா இந்தப் பழைய ஸ்பாஞ்ச்தான் காசில்லாத நல்ல மருந்து.

கரண்ட் போன கேஸ்ல கேனிஸ்டர் ஃபில்டர் வச்சிருக்குறவங்க ஜாக்கிரதை. மூடி போட்ட டப்பாக்குள்ள பல மணி நேரம் ஓட்டமில்லாம நின்ன தண்ணி நாறிப்போயிருக்கும், கரண்ட் வந்ததும் அது அப்படியே டேங்க்குக்குள்ள வந்துரும், அதனால முதல்ல அந்தத் தண்ணியக் கொட்டிட்டு அப்புறம் ஆன் பண்ணுங்க.

தண்ணி மாத்துன உடனே வெள்ளை

கால் மணி நேரத்துல தெளிஞ்சா அது காத்துக் குமிழி, விட்டுருங்க. தூசியா கீழ படிஞ்சா கிராவலை (அடியில போட்ட கல்லை) சரியாக் கழுவல, சைஃபன் (தண்ணியோட அழுக்கை உறிஞ்சி எடுக்குற டியூப்) போட்டு இழுங்க.

அபார்ட்மென்ட்ல சம்ப் கழுவி பிளீச்சிங் பவுடர் போட்ட நாள்ல தண்ணி மாத்தாதீங்க. குழாயத் தொறந்ததும் மூக்குல வாடை அடிச்சா அன்னைக்கு வேண்டாம், ரெண்டு நாள் தள்ளிப் போடுங்க. மத்த நாளும் ஆன்டி குளோரினை டப்பால போட்ட அளவுப்படி ஊத்துங்க, இல்லாட்டி வாய் அகலமான டப்ல 24 மணி நேரம் ஏர் ஸ்டோன் (ஏர் பம்ப்ல மாட்டுற, குமிழி விடுற கல்லு) போட்டு வைங்க. உங்க ஊர்த் தண்ணியில குளோரமின் கலக்குறாங்கன்னா சும்மா வச்சா அது போகாது, ஆன்டி குளோரின் கட்டாயம்.

படிகாரம் போட்டுத் தெளிய வைக்கலாமான்னு நிறையப் பேர் கேக்குறாங்க. குடத்துத் தண்ணிக்கு அது சரி, மீன் இருக்குற டேங்க்ல வேண்டாம், பிஹெச்சைக் கீழ இழுத்துரும்.

## தண்ணி பச்சையா இருக்கு, மீனே தெரியல

வெயில் படுதான்னு பாருங்க, அதுவும் நாள் பூரா பாருங்க

எங்க அத்தை வீட்டுல ஹால்ல டிவி பக்கத்துல ஒரு ரெண்டடி டேங்க், ரெண்டு கோல்டுஃபிஷ். ஒவ்வொரு வருஷமும் கார்த்திகை மார்கழில பச்சை ஆகும், பங்குனில தானாத் தெளியும். கடைல கேட்டு மூணு பாட்டில் மருந்து வாங்கி ஊத்திட்டாங்க. நான் போனது ஒரு ஜனவரி மாசம், மத்தியானம் சாப்பிட்டு உக்காந்திருக்கும்போது தெக்குப் பக்கத்து ஜன்னல் வழியா ஒரு பட்டை வெயில் தரைல மெதுவா நகர்ந்து வந்து டேங்க் மேல ஏறுது, ஒரு மணிக்கு ஏறுனது ரெண்டரை வரைக்கும் அங்கேயே நிக்குது. சித்திரைல நமக்கு உச்சி வெயில் நேர் தலைக்கு மேல, அதனால தெக்கு ஜன்னல்ல உள்ள வராது, மார்கழில சூரியன் தெக்க சாஞ்சு போகுறதால வீட்டுக்குள்ள வந்துரும். ஒரு கெட்டித் துணி ஸ்கிரீன், அவ்வளவுதான், அடுத்த வருஷம் பச்சையே வரல.

அதனால காலைல ஒரு தடவை பாத்துட்டு "வெயிலே படல"ன்னு சொல்லாதீங்க, லீவு நாள்ல மணிக்கொரு தடவை பாருங்க.

வெயில் இல்லன்னா லைட், அப்புறம் தீனி

காலைல எழுந்ததும் போட்டு ராத்திரி படுக்கும்போது நிறுத்துற லைட் 15 மணி நேரம் எரியுது. டைமர் பிளக் ஒண்ணு வாங்கி 6 மணி நேரம் வைங்க, செடி நிறைய இருந்தா 8 வரைக்கும் போகலாம். தீனி ரெண்டு நிமிஷத்துல மீன் சாப்பிட்டு முடிக்கிற அளவுதான், வீட்டுல நாலு பேர் இருந்தா நாலு பேரும் போட்டுருவாங்க, அதனால ஒருத்தர் மட்டும்னு பேசி வச்சுக்கோங்க. வாரத்துல ஒரு நாள் பட்டினி போட்டா மீனுக்கு ஒண்ணும் ஆகாது.

ரெண்டு வாரம் பாத்தும் பச்சை போகலன்னா இருட்டு

பாதித் தண்ணி மாத்திட்டு, லைட்டை நிறுத்திட்டு, கருப்புத் துணியோ கனமான போர்வையோ வச்சு நாலு பக்கமும் மூடுங்க, மூணு முழு நாள். காத்து போக மேல கொஞ்சம் இடைவெளி, ஏர் பம்ப் நிக்காம ஓடணும், தீனி கிடையாது, நடுவுல தூக்கிப் பாக்கவும் கூடாது. நாலாவது நாள் தொறந்ததும் மறுபடி பாதித் தண்ணி மாத்தணும், செத்த பாசி அழுகுனா அம்மோனியா ஏறும். இந்த ரெண்டாவது மாத்தலை விட்டுட்டுத்தான் "இருட்டு போட்டு மீன் செத்துப்போச்சு"ன்னு சொல்றாங்க.

அதுக்கும் மசியலன்னா யூவி

தண்ணியோட பாசியக் கொல்ற அல்ட்ரா வயலட் லைட் இது. காசு செலவாகுற வழி, ஆனா பச்சைத் தண்ணிக்கு நிச்சயமா வேலை செய்யும், ஒரு வாரத்துக்குள்ள தெளிஞ்சுரும். டேங்க் லிட்டருக்கு ஏத்த வாட்ஸ் வாங்குங்க, எரியும்போது அந்த லைட்டை நேராப் பாக்காதீங்க. தண்ணியில மிதக்குற பாசிய மட்டும்தான் இது கொல்லும், கண்ணாடில, கல்லுல ஒட்டியிருக்குறதுக்கு யூவி வாங்குறது வீண் செலவு.

## தண்ணி தெளிவா இருக்கு, ஆனா டீ கலர்

உள்ள மரக்கட்டை இருந்தா அதோட சாயம், மீனுக்கு ஒரு கெடுதலும் இல்ல. புடிக்கலன்னா கட்டைய எடுத்து பெரிய பாத்திரத்துல வேகவச்சு ஒரு வாரம் தண்ணி மாத்தி மாத்தி ஊறவைங்க, மிச்சத்தை ஃபில்டர்ல ஆக்டிவேட்டட் கார்பன் போட்டா இழுத்துரும்.

கட்டையே இல்லாம மஞ்சளா இருந்தா பெரும்பாலும் ரெண்டு காரணம்தான். ஒண்ணு, மாசக்கணக்கா தண்ணி மாத்தாதது. இன்னொண்ணு போர் தண்ணியில இரும்பு. ஒரு வெள்ளைப் பக்கெட்ல போர் தண்ணியப் புடிச்சு ராத்திரி பூரா வைங்க, புடிக்கும்போது தெளிவா இருந்தது காலைல மஞ்சளாகி அடியில செம்மண் மாதிரிப் படிஞ்சிருந்தா இரும்புதான். படிஞ்சதைக் கலக்காம மேல் தண்ணிய மட்டும் மொண்டு ஊத்திப் பாருங்க. அதுலயும் நிக்கலன்னா தண்ணிய டெஸ்ட்டுக்குக் குடுங்க, தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்கள்ல லேப் இருக்கு, கட்டணம் கட்டினாப் பாத்துச் சொல்வாங்க. வீட்டுக்காரங்க குடிக்கிற தண்ணியும் அதுதான்னா மீனுக்காக இல்லாட்டியும் குடுங்க.

## கண்ணாடில, கல்லுல பிரவுன் பவுடர்

விரலால தொட்டா அப்படியே வந்துருதா, அப்ப அது டயாட்டம்ங்கிற பிரவுன் பாசி. புது டேங்க்ல பெரும்பாலும் வரும், ஒண்ணு ரெண்டு மாசத்துல தானாப் போயிரும், அதுவரைக்கும் வாரம் ஒருக்கா ஸ்பாஞ்சால துடைச்சு, கிளம்புன தூசிய சைஃபன்ல எடுத்தாப் போதும். பழைய டேங்க்ல வந்தா தண்ணி மாத்துறதைக் கூட்டுங்க. நெரைட் நத்தை இதை நல்லாத் தின்னும், முட்டை கண்ணாடில வெள்ளைப் புள்ளியா ஒட்டும், ஆனா உப்பில்லாத தண்ணியில பொரிக்காது, பெருகிருமோன்னு பயப்பட வேண்டாம்.

இந்த இடத்துலதான் எல்லாரும் "டேங்க் கிளீனர்"னு சக்கர் மீனை வாங்கி விடுறாங்க. தயவுசெஞ்சு வேண்டாம். ரெண்டு இன்ச்ல வாங்குறது ஒரு அடிக்கு மேல வளரும், அது தின்னு தீர்க்குற பாசிய விட போடுற கழிவு அதிகம், அதுவே அடுத்த பாசிக்கு உரம். வளர்ந்ததும் வச்சுக்க முடியாம ஏரில கொண்டுபோய் விட்டு, நம்ம ஏரி குளத்துலயெல்லாம் அது பெருகிக் கிடக்கு, வலை போடுறவங்களுக்கு வலையும் கிழியுது, நாட்டு மீனுக்கும் இடமில்லாமப் போகுது. ஏற்கெனவே வச்சிருந்தா கடைல திருப்பிக் குடுங்க, தண்ணியில மட்டும் விடாதீங்க.

## கண்ணாடில கெட்டியான பச்சைப் புள்ளி

துடைச்சா வராது, பழைய ஏடிஎம் கார்டு வச்சுச் சுரண்டுங்க, கண்ணாடி டேங்க்கா இருந்தா பிளேடும் ஓகே, அக்ரிலிக்ல பிளேடு பட்டா கீறிரும். மூலைல இருக்குற சிலிகான் மேல பிளேடு போகவே கூடாது. லைட் நேரத்தைக் குறைங்க. செடி டேங்க்ல திரும்பத் திரும்ப வந்தா செடிக்கு வேண்டிய பாஸ்பேட் சத்து கம்மியா இருக்கலாம்.

## செடில நூல் மாதிரி, முடி மாதிரி பச்சை

பழைய டூத்பிரஷை உள்ள விட்டு நூடுல்ஸ் சுத்துற மாதிரி சுத்தி இழுங்க, முக்கால்வாசி வந்துரும். கையால எடுக்காம மருந்து ஊத்துனா அத்தனையும் உள்ளேயே அழுகும். எடுத்ததுக்கப்புறம் லைட் 6 மணி நேரம், பிரைட்னஸ் குறைக்கிற வசதி இருந்தா பாதி, கூடவே வேகமா வளர்ற செடி, ஹார்ன்வொர்ட் மாதிரி, ஒரு கட்டு. பாசி திங்கவேண்டிய சத்தை அது தின்னுரும்.

பாசி மருந்துன்னு விக்குறதுல காப்பர் இருக்கான்னு லேபிள்ல பாருங்க, இருந்தா இறால், நத்தை எல்லாம் காலி.

## கருப்பா தாடி மாதிரிக் குச்சம், பிச்சாலும் வரல

இது பிளாக் பியர்ட், பேர்தான் கருப்பு, சிவப்புப் பாசி குடும்பம். எனக்குத் தெரிஞ்சு ஆளை அதிகமா அலைய வைக்கிறது இதுதான். ஃபில்டர் தண்ணி விழுற இடத்துலயும் செடி இலை ஓரத்துலயும் பிடிக்கும்.

செலவில்லாதது: பிடிச்ச இலையக் கத்தரிச்சு வெளிய போடுங்க. ஈஸ்ட், சர்க்கரை பாட்டில்ல செடிக்கு சிஓடூ (கார்பன் டை ஆக்சைடு) குடுக்குறவங்க அதை நிறுத்திப் பாருங்க, முதல் வாரம் பொங்கி வரும், மூணாவது வாரம் ஒண்ணும் இருக்காது, இந்த ஏத்த இறக்கம்தான் தாடிக்கு விருந்து.

அடுத்து, ஹைட்ரஜன் பெராக்சைடு: மெடிக்கல் ஷாப்ல கிடைக்கிறது பெரும்பாலும் 6 சதவீதம், லேபிளைப் பாத்துட்டு அதே அளவு தண்ணி கலந்து 3 சதவீதமாக்குங்க. ஃபில்டரை நிறுத்தி, தண்ணி ஓட்டம் நின்னதும் ஊசியில்லாத சிரிஞ்ச்ல எடுத்து தாடி மேலேயே மெதுவா விடுங்க, குமிழி கிளம்பும். பத்து நிமிஷம் கழிச்சு ஃபில்டரைப் போடுங்க. ஒரு நாளைக்கு மொத்தமே, 45 லிட்டர் தண்ணிக்கு 3 சதவீதக் கரைசல் 25 மில்லிக்கு மேல நான் போறதில்ல. ரெண்டு மூணு நாள்ல கருப்பு போய் ரோஸ் கலர் வந்தா செத்துருச்சுன்னு அர்த்தம், மீனே அதைத் தின்னுரும். இறால் இருந்தா இன்னும் பாதியாக் குறைங்க, மாஸ் (moss) மாதிரி மெல்லிசான செடி மேல விடாதீங்க. கட்டை, கல்லுன்னா வெளிய எடுத்து அது மேல ஊத்தி அஞ்சு நிமிஷம் வச்சுக் கழுவிப் போடுறது இன்னும் சுலபம்.

மீன் வாங்குறதா இருந்தா: சயாமீஸ் ஆல்கே ஈட்டர் சின்ன வயசுல தின்னும். அதே பேர்ல வேற மீனையும் தர்றாங்க, பாத்து வாங்குங்க. உடம்புல ஓடுற கருப்புக் கோடு வால் துடுப்போட நுனி வரைக்கும் போகணும், வால் ஆரம்பிக்கிற இடத்துலயே நின்னுட்டா அது வேற.

## நீலப்பச்சையா வழவழன்னு பாய் மாதிரி, ஒரு மண்வாடை

ஒரு ஓரத்தைப் பிடிச்சு இழுத்தா தோல் மாதிரி உரிஞ்சு வரும். இது பாசியே இல்ல, சயனோபாக்டீரியா, அதனால பாசி திங்கற மீன் எதுவும் இதைத் தொடாது. தண்ணி ஓடாத மூலைல, அழுக்கு கிராவல்ல ஆரம்பிக்கும். உரிச்சு எடுத்து, சைஃபன் போட்டு, ஃபில்டர் வாயை அந்த மூலை பக்கம் திருப்புங்க, அப்புறம் மேல சொன்ன மூணு நாள் இருட்டு. எரித்ரோமைசின் மாத்திரை பொடி பண்ணிப் போடச் சொல்வாங்க. கேக்கும், ஆனா ஃபில்டர்ல இருக்குற நல்ல பாக்டீரியாவுக்கும் அடி, ஆன்டிபயாடிக் கலந்த தண்ணி சாக்கடைக்குப் போறதும் சரியில்ல. ரெண்டு தடவை இருட்டு போட்டும் திரும்ப வந்தா, மீன் வியாதி படிச்ச ஒருத்தரையோ அனுபவப்பட்ட கடைக்காரரையோ கேட்டுட்டு அளவு தெரிஞ்சு போடுங்க.

## மேல எண்ணெய் மாதிரிப் படலம்

டிஷ்யூ பேப்பரை மேல படுக்கவச்சு ஒரு ஓரத்துலேர்ந்து இழுத்தா ஒட்டிக்கிட்டு வந்துரும். திரும்ப வராம இருக்க ஃபில்டர் தண்ணி மேல்மட்டத்தை ஆட்டணும். தாளிக்கிற இடத்துக்குப் பக்கத்துல டேங்க் இருந்தா மூடி போடுங்க.

## இதெல்லாம் வந்தா நீங்களே பாக்காதீங்க

தண்ணியில கை விட்டா சுருக்குன்னு ஷாக் அடிக்குதா, கைய எடுத்துட்டு முதல்ல சுவிட்ச் இல்ல, மெயினையே நிறுத்துங்க, அப்புறம்தான் ஒவ்வொரு பிளக்காக் கழட்டணும். பம்ப்பு, ஹீட்டர், முங்குற லைட், மூணுல ஏதோ ஒண்ணுல கரண்ட் கசியுது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பாருங்க, அந்த லைன்ல ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா தானா ஆஃப் ஆகுற சுவிட்ச்) இல்லன்னா அன்னைக்கே போடச் சொல்லுங்க.

டேங்க் மூலைல ஈரம் கசிஞ்சாலோ, ஸ்டாண்ட் ஒரு பக்கம் சாஞ்சிருந்தாலோ தண்ணிய மூணுல ஒரு பங்குக்கு இறக்கிட்டு டேங்க் ஒட்டுற ஆளை வரவைங்க. வெளிப்பக்கம் சிலிகான் பூசுறது நிக்காது, உள்ள பழசைச் சுரண்டி எடுத்துட்டுத்தான் ஒட்டணும், காயவும் நாள் விடணும், அதுவரைக்கும் மீனுக்கு ஒரு டப், ஏர் பம்ப், அந்தப் பழைய ஸ்பாஞ்ச்.

ஒரு வாரம் தினமும் தண்ணி மாத்தியும் அம்மோனியா இறங்கலன்னா முதல்ல குழாய்த் தண்ணியையே டெஸ்ட் பண்ணுங்க. அதுலயே அம்மோனியா காட்டுச்சுன்னா மாத்துறதை நிறுத்திட்டு, வேற தண்ணிக்கு ஏற்பாடு பண்ணுங்க, அந்தத் தண்ணிய லேப்புக்குக் குடுங்க. குழாயில பூஜ்யம், டேங்க்ல மட்டும் ஏறுதுன்னா பெரும்பாலும் மீன் கூட்டம் அதிகம், பாதி மீனைக் கடைல திருப்பிக் குடுக்குறதுதான் வழி.